‘டக்’ என்று கேட்க வேண்டும்

பள்ளி உணவுக்கூடத்தில் ஒரு பாட்டு எப்படிக் கேட்கும் என்று தெரிந்துகொள்ள, கேசட்டை அங்கேயே கொண்டுபோய்ப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு ஜனவரி வெள்ளிக்கிழமை மாலை, பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் நானும் மனைவியும் அதைத்தான் செய்தோம். பொங்கல் விழாவுக்காக அவள் பதினொரு சிறுமிகளுக்குச் சொல்லிக்கொடுத்த கும்மிப் பாட்டு. கீபோர்டு கேட்டது. அவள் குரல் கேட்டது. தாளம் மட்டும் கேட்கவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், வெளியே யாரோ பஸ்ஸை அணைக்காமல் நிறுத்தியிருப்பது போல ஓர் உறுமல்.

“போன வருஷமும் இதே உறுமல்தான்,” என்றாள்.

போன வருஷம் இரண்டாவது சரணத்தில் தாளம் பிடிபடாமல், பாதிப் பேர் இடப்பக்கமும் பாதிப் பேர் வலப்பக்கமும் திரும்பி மோதிக்கொண்டார்கள். ஒரு குழந்தை மேடையிலேயே உட்கார்ந்து அழுதது. முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

“இந்த வருஷமும் அப்படி ஆச்சுன்னா கிளாஸையே நிறுத்திடுவேன். உங்க பொண்ணை அனுப்புங்கன்னு இனிமே எந்த அம்மாகிட்டயும் போய் நிக்க மாட்டேன்,” என்று காரில் சொன்னாள். அவள் மிகைப்படுத்திப் பேசுகிறவள் அல்ல. அதே கூடத்தில் கடைசி ஒத்திகை ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு.

எங்களுக்கு மிருதங்கம் வாசித்தவர் வேலை மாறி டெக்சாஸில் கேட்டி என்ற ஊருக்குப் போய்விட்டார். டேப்பில் கைதட்டலைப் பதிவு செய்தால், பிள்ளைகள் தாங்களே தட்டும் கும்மியோடு கலந்து குழப்பும். ஆக, தாளத்துக்கு மிச்சம் இருந்தது பேஸ் கிட்டார் ஒன்றுதான்; கூடத்தில் உறுமலாகக் கேட்டது அதன் தாழ்ந்த ஒலிதான்.

அதை வாசித்தவர் யாழ்ப்பாணத்துப் பல் டாக்டர். கொழும்பில் படித்த நாட்களில் ஒரு ஹோட்டல் பேண்டில் வாசித்தவர். கட்டைவிரல் சதையால் கம்பியை வருடி, மெத்தையில் உட்கார்ந்தது போன்ற ஒலி எழுப்புவார். அதில் அவருக்குப் பெருமை உண்டு. ஞாயிறு காலை எட்டரைக்கு அவர், நான் பாட்டுப் பதிவு செய்யும் எங்கள் பேஸ்மென்ட்டில் இறங்கியதும் விஷயத்தைச் சொன்னேன்.

“டாக்டர், இன்னிக்கு அந்த மெத்தை வேண்டாம். ‘டக்’னு கேக்கணும். கதவைத் தட்டுற மாதிரி.”

“ஐசே, உமக்கு பேஸ் வாசிக்க ஆள் வேணுமோ, தச்சன் வேணுமோ?”

முதலில் நான் மிக்ஸரில் உயர் ஒலிகளை ஏற்றிப் பார்த்தேன். டேப்பின் இரைச்சல்தான் ஏறியது. டாக்டர் ஒரு கம்பியை விரலால் தடவி முகர்ந்தார். போட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. விரல் எண்ணெய் ஏறிய கம்பி மந்தமாகத்தான் பேசும் என்றார். புதுக் கம்பி வாங்கலாம் என்றால், எங்களுக்குத் தெரிந்த இசைக்கருவிக் கடை இருந்த கவுண்டியில், அதாவது அந்த மாவட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கச் சட்டம் இடம் தராது.

“கொழும்பில கம்பி கிடைக்காத நேரம் நாங்கள் அவிச்சுப் போட்டு அடிப்பம்,” என்றார் டாக்டர்.

“எதை?”

“கம்பியைத்தான்.”

சமையலறையில் அகலமான பாத்திரம் என்று பார்த்தால் குக்கர்தான் இருந்தது. நாலு கம்பிகளையும் சுருட்டி உள்ளே போட்டுக் கொதிக்கவிட்டோம். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன வேகுது?”

“பேஸ் கம்பி.”

“எத்தனை விசில் வெக்கணும்?”

“மூடி வேண்டாம் அக்கா,” என்று டாக்டர் தீவிரமாகப் பதில் சொன்னார். பத்து நிமிடத்தில் தண்ணீர் சாம்பல் நிறமாகிவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டு, சாம்பாருக்குத் தன் தோழி வீட்டுக் குக்கரைக் கடன் வாங்கப் போன் செய்தாள். அவளுடைய ஹேர் டிரையரால் கம்பிகளை உலர்த்தி மறுபடி மாட்டும்போது மணி பத்து பத்து.

கம்பிக்கு உயிர் வந்திருந்தது. டாக்டரை வற்புறுத்தி, விரலுக்குப் பதில் பிக் என்னும் சின்னப் பிளாஸ்டிக் தகட்டால் மீட்டச் சொன்னேன். முன்பைவிட நன்றாக இருந்தது. ஆனால் கதவு இல்லை. ஏதோ யோசனையில் ஹெட்போனைக் கழற்றினேன். அப்போதுதான் அது காதில் விழுந்தது. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் கம்பி போய் மோதும் ஓசை. டக், டக், டக். கிட்டாரிலிருந்து ரெகார்டருக்குப் போகும் ஒயர் வழியாக வராத ஒன்று அறையின் காற்றில் இருந்தது.

“டாக்டர், அந்தச் சத்தம்தான்! அதேதான்!”

“அது பிழை, ஐசே. அது கேக்கக் கூடாதெண்டுதான் இவ்வளவு காலம் பழகினனான்.”

“இன்னிக்கு ஒரு நாள் பிழையா வாசிங்க.”

சின்னச் சாவியால் திருகுகளைத் தளர்த்திக் கம்பிகளை இன்னும் தாழ்த்தினோம், மோதல் பலமாகட்டும் என்று. என் ரெகார்டரில் தனித்தனியாகப் பதிவு செய்ய நாலு தடம். கீபோர்டு ஒன்று, குரல் ஒன்று, பழைய பேஸ் ஒன்று, காலி ஒன்று. பழைய பேஸை அழித்து அதில் ஒயர் ஒலியையும், காலித் தடத்தில் மைக் ஒலியையும் ஒரே நேரத்தில் எடுக்க முடிவு செய்தேன். மைக்கைக் கழுத்துக்கு நாலு விரல்கடை தூரத்தில் வைத்தேன். ஓட்டினேன். பாதியில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓட ஆரம்பித்து டேப் முழுக்க ஹூம் என்றது. ஹீட்டிங்கை அணைத்தோம். கால் மணி நேரத்தில் பேஸ்மென்ட் குளிர்ந்தது. டாக்டர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார். அடுத்த முறை ஜாக்கெட்டின் நைலான் சரசரப்பு தாளத்தைவிடத் தெளிவாகப் பதிவானது. கழற்றச் சொன்னேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் என்னைத் திட்டிக்கொண்டே கழற்றினார்.

ஐந்தாவது முறை, முழுப் பாட்டும், தவறு இல்லாமல். மணி பன்னிரண்டு நாற்பது. ஓட்டிக் கேட்டோம். கீழே அவருடைய மெத்தை; அதன்மேல் ஒவ்வொரு அடிக்கும் ஆணி அறைந்தது போல் ஒரு ‘டக்’. டாக்டர் எழுந்து நின்றுவிட்டார்.

“இன்னொருக்காப் போடும்.” போட்டேன். “இது நானோ வாசிச்சது?”

நாலு தடங்களின் அளவையும் சரிபார்த்துச் சாதாரண கேசட்டில் மாற்றி எடுக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது; மூவரும் பள்ளிக்கு ஓடினோம். இரண்டு மணி, ஐந்து நிமிடம். பதினொரு சிறுமிகளும் பாவாடைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வட்டமாக நின்றார்கள். மனைவி ஓரத்தில் நின்று உரக்க எண்ண ஆரம்பித்தாள்: ஒண்ணு, ரெண்டு, மூணு. நான் பட்டனை அழுத்தினேன்.

அந்தப் பெரிய கூடத்தில் டாக்டரின் மெத்தை வழக்கம்போல் உறுமலாகக் கரைந்து போனது. ‘டக்’ போகவில்லை. பின்சுவர் வரை போய் நின்றது. பெற்றோர்கள் பேச்சை நிறுத்தித் திரும்பினார்கள். சிறுமிகளின் கைகள் அதன்மேல் சரியாக விழுந்தன. முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது வந்தபோது மனைவி எண்ணுவதை விட்டுவிட்டாள். உதடு மட்டும் அசைந்தது. திருப்பம். பதினொரு பேரும் இடப்பக்கம்.

பாட்டு நின்றதும், “ஆன்ட்டி, அகெய்ன்!” என்று இரண்டு மூன்று குரல்கள். அவள் விறுவிறுவென்று என்னிடம் வந்தாள்.

“ரிவைண்ட் பண்ணுங்க,” என்றாள். நான் பண்ணிக்கொண்டிருக்கும்போதே குனிந்து கேட்டாள்: “இந்த ஸ்டேஜ்ல இருபது பேர் நிக்க இடம் இருக்குமா? அடுத்த வருஷத்துக்குக் கேக்கறேன்.”