பின்பக்க முடிச்சு

அஃப்ரா கண்ணாடி முன்னால் நின்று, பாவாடைமேல் கட்டிய ஏப்ரன் நாடாவை நான்காவது முறையாக அவிழ்த்தாள். மியூனிக்கில் இந்த முடிச்சு விஷயத்தில் பொய்க்கு இடமில்லை. அக்டோபர் பீர் விழாவுக்குப் போகிறவள் இடப்பக்கம் முடிந்தால் தனி ஆள், வலப்பக்கம் என்றால் துணை உள்ளவள், முதுகுப் பக்கம் முடிந்தால் விதவை. இருபத்திரண்டு வருஷமாக அவள் வலப்பக்கம்தான் முடிந்தாள். அதற்கே, "யாரைக் கேட்டு வலப்பக்கம்?" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது!

மே மாதம் கோர்பினியன் செத்துப்போனான். இனி எந்தப் பக்கம் முடிவது?

அவள் பத்தொன்பது வயதில் ரோட் ஆற்றங்கரைப் பண்ணையிலிருந்து வேலை தேடி நகரத்துக்கு வந்தவள். கீஸிங் பகுதியில் ஒரு ரொட்டிக் கடையில் சேர்ந்தாள். இன்றும் ஐம்பத்தொன்பது வயதில் அதே கடையில்தான் நிற்கிறாள். கோர்பினியன் டிராம் ஓட்டியவன். கடைக்கு எதிரில் வண்டியைத் திருப்பும்போது ஆறு நிமிஷம் கிடைக்கும். இறங்கி வந்து வெண்ணெய் தடவிய பிரெட்செல் ரொட்டி கேட்பான். அவனுக்கு ரத்தக்கொதிப்பு, அதனால் மேலே ஒட்டியிருக்கும் உப்பை அவள் சுரண்டிக் கொடுப்பாள். சுரண்டிச் சுரண்டி மூன்று வருஷம் போனது. பிறகு ஒரு நாள் பெட்டியோடு அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

நல்ல மனுஷன்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் ஒரு கையெழுத்துக்கு நடுங்கிய மனுஷன். பாஸிங் பகுதியில் அவனுக்குக் கட்டிய மனைவி இருந்தாள், இர்ம்கார்ட். சர்ச்சில் கட்டியதை அவிழ்க்க மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். இவனும் வக்கீலைப் பார்க்கிறேன், ஈஸ்டர் கழியட்டும், குளிர்காலம் போகட்டும் என்று இழுத்தடித்தே இருபத்திரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டான். பாம்பும் சாகக்கூடாது, கம்பும் முறியக்கூடாது அவனுக்கு. கடைசியில் அவன்தான் போனான்.

அடக்கத்தன்று கல்லறையருகே இர்ம்கார்ட் நின்றாள். வந்தவர்கள் வரிசையாகப் புனித நீர் தெளித்து, அவள் கையைப் பிடித்துத் துக்கம் சொன்னார்கள். வரிசையின் கடைசியில் அஃப்ரா. அவளும் கையை நீட்டி, "உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கிறேன்" என்றாள். இர்ம்கார்ட் "நன்றி" என்றாள். அவ்வளவுதான். முந்தின வாரம்வரை அவனுக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிட்டவள், அவன் சாவுக்கு அடுத்தவளிடம் துக்கம் கேட்டுவிட்டு வீடு திரும்பினாள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

ஆனால் விழா மேசை ஒன்று பாக்கி இருந்தது. டிராம் ஓட்டுநர்களுக்கு விழாவின் இரண்டாவது செவ்வாய், நண்பகல், எப்போதும் அதே கூடாரம், அதே மேசை. அந்த வருஷம் யாராவது செத்திருந்தால் அவர் இடத்தில் ஒரு லிட்டர் குவளை நிரம்ப பீர் வைப்பார்கள். அவருடைய பெண்சாதி முதல் வாய் குடிப்பாள். பிறகுதான் குவளை மேசையைச் சுற்றும். யாரும் பேச மாட்டார்கள். அஃப்ரா இத்தனை வருஷத்தில் நான்கு விதவைகள் குடித்ததைப் பார்த்திருக்கிறாள். சட்டமும் சர்ச்சும் தராததை இந்த மேசை தரும் என்று நம்பினாள். அவளுக்கு வீடு வேண்டாம், பென்ஷன் வேண்டாம். அந்த முதல் வாய் வேண்டும்.

நாடாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இறுக்கி முடிந்தாள்.

கூடாரத்தில் அப்போதே தலைகள் நெருக்கியடித்தன. வறுத்த கோழியின் வாசனை வாசல்வரை வந்தது. ஓய்வுபெற்ற மூத்த ஓட்டுநர் ஒஸ்வால்ட்தான் அந்த மேசைக்குத் தலைவர் மாதிரி. அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாம்மா அஃப்ரா" என்றார். அவர் கண் அவள் இடுப்பைச் சுற்றிப் பின்னால் போயிற்று. முகத்தில் ஈயாடவில்லை. "அந்த ஓரத்துல உட்காரேன். கொஞ்சம்... நெருக்கடியா இருக்கு."

"ஏன் ஓரத்துல? நான் எப்பவும் அவர் பக்கத்துலதானே உட்காருவேன்?"

அப்போதுதான் பார்த்தாள். கோர்பினியன் இடத்துக்குப் பக்கத்தில் இர்ம்கார்ட் உட்கார்ந்திருந்தாள். கறுப்பு டிர்ண்டில் பாவாடை, சாம்பல் ஏப்ரன். முடிச்சு முதுகுப் பக்கம். இருபத்திரண்டு வருஷமாக இந்த மேசைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள்.

ஒஸ்வால்ட் அஃப்ராவின் காதருகே குனிந்தார். "நான்தான் போன் பண்ணினேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்லம்மா. நீ தப்பா எடுத்துக்கக் கூடாது."

"முறையா? அவர் கால் வீங்கிக் கிடந்தப்ப யார் கழுவினா, முறையா வந்து கழுவிச்சு?"

"மெதுவா பேசு. எல்லாரும் பார்க்கிறாங்க."

அவள் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். என்ன செய்வாள்? எழுந்து போகக் கால் வரவில்லை. ஒருவேளை இர்ம்கார்டே குவளையைத் தள்ளிவிடுவாள் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

குவளை வந்தது. ஒஸ்வால்ட் தொப்பியைக் கழற்றினார். இர்ம்கார்ட் இரண்டு கையாலும் தூக்கி உதட்டில் வைத்தாள், முகம் சுளித்தாள். "எனக்குப் பீர் ஒத்துக்காது" என்று மெல்லச் சொல்லி, மூக்கில் ஒட்டிய நுரையைக் கைக்குட்டையால் துடைத்தாள். அவளையும் குறை சொல்ல முடியாது. அவளும் கூப்பிட்டதால் வந்தவள், அவளுக்கும் கண் சிவந்துதான் இருந்தது. குவளை ஒஸ்வால்டிடம் போனது, அவர் மனைவி ரெஸியிடம் போனது, பெருங்குடிகாரர்களான ஓட்டுநர்கள் கைக்குக் கை மாறியது. ஓரத்துக்கு வந்தபோது அடியில் இரண்டு விரல் அளவு, சூடேறிப்போன மண்டிதான் இருந்தது. பவேரியாவில் அடிமண்டியை நாய்க்குக்கூட ஊற்ற மாட்டார்கள்.

அஃப்ரா அதைக் கையில் வாங்கினாள். குடிக்கவில்லை. மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். எங்கே போவதென்று தெரியாமல் இரண்டு மேசைகளுக்கு நடுவிலே நின்றாள்.

"ஏக்கா! இங்க ஆறு லிட்டர்! ரெண்டு அரைக் கோழி!"

பக்கத்து மேசையில் ஒரு தடித்த ஆள், பச்சைத் தொப்பி, மலைப்பக்கத்துக்காரன், அவள் முதுகைப் பார்த்துக் கத்தினான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. முதுகில் முடிபவர்கள் இரண்டே ரகம், விதவைகளும் கூடாரத்தில் பரிமாறுகிறவர்களும்.

ரெஸி வாய்விட்டுச் சிரித்தாள். "போடி அஃப்ரா, எடுத்துட்டு வா! டிப்ஸ் நல்லா கிடைக்கும்!"

மேசையே சிரித்தது. அதுவரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தவர்களுக்குச் சிரிக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அஃப்ரா திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாராவது ஒருவர் சொல்வார், இவள் எங்கள் கோர்பினியன் வீட்டுப் பெண் என்று. இவர்களில் பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டவர்கள். ஒஸ்வால்ட் முள்ளங்கியை உப்பில் தொட்டுக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, காது கேக்கலையா? தொண்டை வறளுது!" என்றான் பச்சைத் தொப்பி.

"நான் இங்க வேலை செய்யிறவ இல்லைங்க" என்றாள். "மே மாசம் அவர் போயிட்டாரு."

அந்த ஆள் பதறிப்போய் எழுந்தான். பெஞ்சு பின்னால் சாய்ந்தது. தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டான்.

"ஐயையோ! மன்னிச்சுக்குங்கம்மா. என் நரம்பில்லாத நாக்கு! டேய், எல்லாரும் எந்திரிங்கடா!" அவனுடைய ஆட்கள் ஐந்து பேரும் எழுந்தார்கள். அவன் கோழி நெய் பட்ட கையைச் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினான். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. உங்களுக்கு ஆண்டவர் ஆறுதல் தரட்டும். யாரு, வீட்டுக்காரரா?"

பின்னால் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அஃப்ரா திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமாங்க. என் வீட்டுக்காரர். கோர்பினியன்னு பேரு."

அந்த வார்த்தையை அவள் அதுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. கடையில், டாக்டரிடம், அக்கம்பக்கத்தில், "தெரிந்தவர்" என்றுதான் சொல்லச் சொல்லியிருந்தான் கோர்பினியன். எதற்கு வீண் பேச்சு என்பான். இன்று சொல்லிவிட்டாள். அந்த மேசையில் ஒருவரும் மறுக்கவில்லை, இர்ம்கார்ட்கூட. கேட்க வேண்டியவன்தான் இல்லை.

"கோர்பினியனுக்கு" என்று அந்த முன்பின் தெரியாத மனுஷன் தன் குவளையை உயர்த்தினான். அவள் அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, அடக்கத்தன்று அழாத அழுகையை எல்லார் முன்னாலும் அழுதாள்.