ஆணி அறைந்த பொம்மை

என் அம்மாவின் தம்பி காங்கோவிலிருந்து திரும்பியபோது, அவர் தங்கம் கொண்டுவருவார் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதில் தப்பில்லை. கூத்தாநல்லூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் கப்பலேறிப் போனவர்களின் வீடுகள். மலேயாவிலிருந்து வந்தவர்கள் தங்கம் கொண்டுவந்தார்கள், சைகோனிலிருந்து வந்தவர்கள் பட்டும் பீங்கானும் கொண்டுவந்தார்கள். மாமா காரைக்காலில் வளர்ந்தவர், பிரெஞ்சு தெரிந்தவர். ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஆப்பிரிக்காவுக்குப் போனவர். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. சம்பாதித்ததெல்லாம் எங்கே போயிருக்கும்?

அது எங்கே போயிருந்தது என்று மரப்பெட்டிகளைத் திறந்ததும் தெரிந்தது. காய்ந்த புல்லுக்குள்ளிருந்து முகங்கள் வெளியே வந்தன. சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக, கண்ணுக்குப் பதில் இரண்டு கீறல்களுடன் ஒன்று. செப்புத் தகடு போர்த்திய, நெற்றி அகன்ற ஒன்று. கையை வயிற்றில் வைத்து உட்கார்ந்திருக்கும் சின்ன மர உருவங்கள். செத்துப்போன பெரியவர்களின் எலும்பை ஒரு கூடையில் போட்டு, அதற்குக் காவலாக அந்த உருவத்தை மேலே உட்காரவைப்பார்களாம். இதை மாமா சொன்னதும் அம்மா என்னைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

கடைசிப் பெட்டியில் இருந்தது என் உயரத்தில் பாதி இருக்கும். ஒரு கையை ஓங்கிக்கொண்டு நிற்கும் ஆள். உடம்பு முழுக்க ஆணி. கழுத்திலும் மார்பிலும் தோளிலும் துருப்பிடித்த ஆணிகளும் தகடுகளும் இடைவெளி இல்லாமல் அறையப்பட்டிருந்தன. முகத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை.

"இதுக்கா மாப்ளே இத்தனை வருஷம் போனீங்க?" என்றார் என் அத்தா.

மாமா கோபித்துக்கொள்ளவில்லை. இதெல்லாம் சேகரிப்பு, பாரிஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுகிறார்கள் என்றார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருந்தார். இதை ஒரு தச்சனிடம் வாங்கினேன், இது சந்தையில் கிடைத்தது, இதற்காக ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்தேன். தினமும் மெல்லிய துணியால் துடைப்பார். நான் கையை நீட்டினால், "தொடாதேம்மா, என்னுடையது" என்பார். ஆணி பொம்மைக்கு மட்டும் கதை சொல்ல மாட்டார். கேட்டால் வேறொன்றைக் கையில் எடுத்துக்கொள்வார். அன்றிலிருந்தே எனக்கு மாமாமேல் ஒரு சந்தேகம் இருந்தது.

முகம் வைத்த உருவங்கள் இருக்கும் வீட்டுக்குள் மலக்குகள், அதாவது வானவர்கள், வரமாட்டார்கள், தொழுகையும் சரியாகாது என்றார் அத்தா. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் வெளியே போக வேண்டும். அம்மா இதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டாள். தம்பியை விரட்டத்தான் கணவர் மார்க்கத்தைத் துணைக்கு அழைக்கிறார் என்று அவளுக்கு எண்ணம். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. வெண்ணாற்றுக்கு அந்தப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அங்கே களத்துமேட்டில் ஓட்டுக் கொட்டகை ஒன்று. பெட்டிகளை மாட்டுவண்டியில் ஏற்றி, மேலே சாக்கைப் போட்டு மூடி, மாலைத் தொழுகை முடிந்து தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்ததும் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். கொட்டகைக்கு அதுவரை பூட்டே கிடையாது. அத்தா புதுப் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டார்.

அதற்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடைத்திருக்காது. புது ஆட்சி வந்து, குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைத் தாலுக்கா ஆபீஸில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். பெயர் ஏறிவிட்டால் அவர்களை நிலத்தை விட்டு இறக்க முடியாது. குடவாசல் பக்கம் ஒரு மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கிக் குத்தகைக்காரரை அடித்துத் துரத்தினார் என்றும், இல்லை, குத்தகைக்காரர்தான் மிராசுதாரை அடித்தார் என்றும் இரண்டு விதமாகப் பேசிக்கொண்டார்கள். எங்கள் நிலத்தைப் பயிரிட்டவர் பாக்கியத்தின் கணவர். அத்தாவைவிட மூத்தவர் பாக்கியம். ஆனாலும் எங்கள் வீட்டில் என்னைப் போன்ற சிறுசுகள்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அது அப்போது யாருக்கும் உறுத்தவில்லை. அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்கள். எங்களைப் பற்றி அவர்கள் தெருவிலும் அப்படித்தான் பேசியிருப்பார்கள், சாத்துவதற்குக் கதவு இருந்த வீடுகளில்.

கதவுக்குப் பின்னால் வக்கீல் குமாஸ்தா சொன்ன ஒரு வாக்கியம் எனக்கு நன்றாகக் கேட்டது. "அந்த ஆள்மேல ஒரு களவுக் கேஸ் இருந்தா போதும் முதலாளி. பதிவை நிறுத்திப்புடலாம்."

சாக்குப் போட்டு மூடிய வண்டியையும் புதுப் பூட்டையும் பாக்கியத்தின் தெரு பார்த்துவிட்டது. கொட்டகைக்குள் அரிவாளும் வேல்கம்பும் இருக்கின்றன, வெளியூர் ஆட்கள் வரப்போகிறார்கள் என்று பேச்சு பரவியது. நடவுக்குப் பெண்கள் வரவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது; நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் பாக்கியமே எங்கள் வீட்டுக்கு வந்தார். கொல்லைப்பக்கம் நின்று கேட்டார்.

"கொட்டாயில என்ன இருக்குன்னு சொல்லிடுங்க முதலாளி. பொம்பளைங்க பயப்படுறாங்க."

"என் கொட்டாயில என் சாமான் இருக்கு. அதைக் கேக்க நீ யாரு?"

அத்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் தன் கொட்டகையில் எலும்புக்குக் காவலிருக்கும் மர உருவங்கள் இருக்கின்றன என்று சொன்னால், மறுநாள் அது பள்ளிவாசலுக்கு வந்து சேரும். அத்தாவுக்கு அரிவாள் வைத்திருப்பவர் என்ற பெயரே தேவலை என்று இருந்தது.

இரண்டொரு நாளில் கொட்டகைப் பூட்டு உடைந்து கிடக்கிறது என்று தகவல் வந்தது. அத்தா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஏட்டையாவை அழைத்துக்கொண்டு போனார். மாமா பதறிப்போய் சைக்கிளை எடுத்தார். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. முன்கம்பியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன், அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

களத்துமேட்டில் கூட்டம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பாக்கியத்தின் தெரு முழுவதும் நின்றது. ஏட்டையா கொட்டகைக்குள் போன வேகத்தில் வெளியே வந்தார்.

"ஐம்பொன்னா?" என்று கேட்டார். அந்தச் சமயத்தில் கோயில் சிலைகள் அங்கங்கே காணாமல் போய்க்கொண்டிருந்தன.

"மரம்ங்க" என்றார் மாமா.

"மரமா? மரத்துக்கா என்னைக் கூட்டியாந்தீங்க?"

மாமா பெட்டி பெட்டியாகப் பார்த்தார். வெள்ளை முகம் இருந்தது, செப்பு முகம் இருந்தது. ஆணி பொம்மையைக் காணோம். அவர் அந்தக் காலிப் பெட்டிக்குள் கையை விட்டுப் புல்லைத் துழாவியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"பூட்டை உடைச்சது யாரு?" என்று அத்தா வாய்க்காலைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

பாக்கியம் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி இந்தப் பக்கம் வந்தார்.

"நான்தாங்க உடைச்சேன். அருவா இருக்கும்னுதான் பாத்தேன். அதைவிடக் கெட்டதுல்ல இருந்துச்சு? எங்க தெருவுல தலைக்கு ஒரு ஆணின்னு அடிச்சு வச்சிருக்கீங்க. தூக்கிட்டுப் போயி ஆத்துல விட்டுட்டேன்."

அவர் கணவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவருக்கே அது அப்போதுதான் தெரியும் போலிருந்தது. நான் அத்தாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை.

"எழுதிக்குங்க ஏட்டையா. அவளே ஒத்துக்கிட்டா. களவு. புருஷன் பேரையும் சேத்து எழுதுங்க."

ஏட்டையா மரநிழலில் உட்கார்ந்து, தொடைமேல் அட்டையை வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். பொருளுக்குச் சொந்தக்காரர் மாமா என்பதால் அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் மாமா ஏட்டையாவிடம் பேசாமல் பாக்கியத்திடம் பேசினார்.

"அது செய்வினை இல்லம்மா. அந்த ஊர்ல ரெண்டு பேருக்குள்ள வழக்குன்னா அது முன்னால வந்து நிப்பாங்க. இப்படி இப்படின்னு பேசி முடிச்சு, சத்தியம் பண்ணி ஒரு ஆணி அடிப்பாங்க. சொன்ன சொல்லை யாராவது மீறினா அது அவங்களைச் சும்மா விடாது. ஒவ்வொரு ஆணியும் ஒரு சத்தியம்."

பாக்கியம் இதை நம்பலாமா என்று யோசித்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அடுத்த வீட்டாரிடம் விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"அப்ப அது ஒரு ஊரு சத்தியம்ல? அதைப் போயி எப்படிங்க உங்களுக்கு வித்தாங்க?"

"அதையும் சொல்லிடுங்க" என்றார் ஏட்டையா. "எங்க வாங்கினது, என்ன விலை?"

சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு, இதோ வழக்கமான கதை வரப்போகிறது என்று தோன்றியது. ஒரு சந்தை, ஒரு தச்சன், ஒரு கைக்கடிகாரம்.

"விலைக்கு வாங்கலைங்க" என்றார் மாமா. "அங்க சண்டை நடந்துக்கிட்டிருந்த சமயம். கம்பெனி லாரில போயிட்டிருந்தோம். வழியில ஆளில்லாத ஊரு ஒண்ணு. ஒரு வீட்டு வாசல்ல நின்னுச்சு. ஏத்திக்கிட்டேன்."

"ஆளில்லாத ஊரா? ஆளுங்க ஓடிப்போன ஊரா?" என்று கேட்டார் பாக்கியம்.

பாக்கியம் ஈரப் புடவையின் ஓரத்தைப் பிழிந்தார்.

"எங்க பொறந்த ஊர்ல தெருவுக்கு நெருப்பு வச்சப்ப நாங்களும் ஓடித்தான் போனோம். ராத்திரியெல்லாம் கருவக்காட்டுல கெடந்தோம். திரும்பி வந்து பாத்தா அம்மியைக்கூட யாரோ தூக்கிட்டுப் போயிருந்தாங்க. எங்க ஆத்தா அந்த அம்மியத்தான் ரொம்ப நாளு தேடுச்சு."

இதை அவர் யாரையும் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. யாரோ அதை அதட்டினார்கள். மாமா கொட்டகை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பினார்.

"ஏட்டையா, எழுத வேணாம்."

"என்ன மாப்ளே சொல்றீங்க?" என்றார் அத்தா.

"அது என் பொருள் இல்ல மச்சான். என் பொருள் இல்லாததுக்கு நான் எப்படிப் புகார் குடுக்கிறது?"

"பூட்டு என் பூட்டு!" என்று அத்தா கத்தினார். "பூட்டை உடைச்சது கேஸு இல்லையா?"

"ஒரு பூட்டுக்காக என்னை அலைய விடாதீங்க முதலாளி. புதுப் பூட்டா ஒண்ணு வாங்கிப் போடுங்க" என்று ஏட்டையா பேனாவை மூடினார்.

வெளியூர் ஆட்களும் இல்லை, அரிவாளும் இல்லை என்று தெரிந்துபோனதால் அந்த வாரமே நடவுக்குப் பெண்கள் இறங்கினார்கள். அறுவடைக்கு முன்பே பாக்கியத்தின் கணவர் பெயர் தாலுக்கா ஆபீஸில் ஏறிவிட்டது. அத்தா வாழ்நாள் முழுதும் அதற்கு மாமாவைத்தான் காரணம் சொன்னார். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருக்கும் நிலத்தையும் விட்டுவிடுவோமோ என்று அவர் பயந்தது பொய்யான பயமும் இல்லை.

வீட்டில் அம்மாதான் அதிகம் அழுதாள். "என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா உனக்கு என்ன தம்பி கொறஞ்சு போயிடும்? இந்த வீட்ல எனக்கு இனிமே என்ன மருவாதி இருக்கு?" என்றாள். மாமா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவர் வெண்ணாற்றங்கரையோடு கிழக்கே போனாராம். மதகுவரைக்கும் போய், மதகில் ஒதுங்கிய குப்பையையும் ஆகாயத்தாமரையையும் கோலால் கிளறிக்கொண்டிருந்ததைப் பால்காரர் பார்த்திருக்கிறார். வெயில் ஏறியபிறகு கைலியெல்லாம் சேறாக, வெறுங்கையோடு திரும்பினார். வெறுங்கை என்பதை நான் நம்பவில்லை. என் கணக்கு மிகவும் தெளிவாக இருந்தது. போலீஸ் முன்னால் என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் தேடி எடுத்துக்கொண்டார். அதை எங்கோ ஒளித்துவைத்திருக்கிறார்.

அந்த வாரக் கடைசியில் அவர் பெட்டிகளோடு காரைக்கால் புறப்பட்டார். அத்தா கடையை விட்டு வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு அம்மாவும் நானும்தான் போனோம். பெட்டிகளை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது நான் மாமாவின் காதருகில் போய்க் கேட்டேன்.

"கெடைச்சிடுச்சுதானே மாமா?"

"எதும்மா?"

"ஆணி பொம்மை. அன்னிக்கு ஏட்டையாகிட்ட பொய்தானே சொன்னீங்க?"

மாமா சிரிக்கவில்லை. கண்டக்டரிடம் சொல்லி, மேலே கட்டிய பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கவைத்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். அத்தனையையும் தரையில் வைத்து, மூடியைத் திறந்து காட்டினார். வெள்ளை முகம், செப்பு முகம், வயிற்றில் கைவைத்து உட்கார்ந்தவர்கள். ஒரு பெட்டியில் வெறும் புல்.

"பாத்துக்கிட்டியா?" என்றார்.

பார்த்தேன் என்று தலையாட்டினேன். பெட்டிகளை மறுபடி ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்பிப் போனது. திரும்பி நடக்கும்போது அம்மாவிடம், பெட்டிக்கு அடியில் இன்னொரு அறை இருக்கும் என்று சொன்னேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். நிலமும் தண்ணீரும் வரப்பும் என்னுடையது என்று ஊரே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த அந்த வருஷத்தில், ஒரு பெரிய மனிதர் கூட்டத்தின் நடுவில் நின்று, இது என்னுடையது இல்லை என்று உண்மையாகவே சொல்லக்கூடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.