காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர்

உடன் ஆடுகிறவர்கள் எல்லாரும் அவளை ‘இழுவை’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. பட்டப்பெயருக்குக் காரணம் அவளுடைய ஆட்டம். எகிறி அடித்து ஒரே அடியில் புள்ளி எடுக்கும் வித்தை அவளுக்குக் கடைசிவரை கைவரவில்லை. இறகுப்பந்து எங்கே விழுந்தாலும் ஓடிப்போய் எடுத்துத் திருப்பிப் போடுவாள். மறுபடி வந்தால் மறுபடி போடுவாள். எதிரே நிற்பவளுக்குப் பொறுமை போய்விடும். பந்தை வலையில் அடித்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொள்வாள். இப்படியே பதினாறு வருடம் ஓட்டினாளா என்று சிரிக்கிறவர்கள் அவளோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கட்டும். நாக்குத் தள்ளிவிடும்.

அவள் அம்மா ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்ப்பவர். மகள் ஆடிய எந்த ஆட்டத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. “நீ ஒரு புள்ளி எடுக்கிறதுக்குள்ள நான் நாலு பேருக்கு மருந்து கொடுத்து அனுப்பிடுவேன்டி. எங்கே உக்காந்து பாக்கிறது?” என்பார். ஆனால் முடிவு தெரியும்வரை கைபேசியைக் கையை விட்டுக் கீழே வைக்கமாட்டார்.

இருபத்து மூன்றாவது வயதில் இழுவை உலகத் தரவரிசையில் நாற்பத்தொன்றாவது இடத்துக்கு வந்தாள். அதுதான் அவளுடைய உச்சம். அந்த வருடம் ஒரு பெரிய போட்டியின் அரையிறுதிக்கு முந்தின நாள் பயிற்சியில் கணுக்கால் பிசகியது. டாக்டரிடம் போனால் ஆடாதே என்று சொல்லிவிடுவார் என்று போகவில்லை. வலி தெரியாமலிருக்க மாத்திரை போட்டுக்கொண்டு, காலை இறுக்கக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினாள். முதல் செட்டை ஜெயித்தாள். இரண்டாவது செட்டில், பின்மூலைக்கு எம்பிப் போய்க் கீழே இறங்கியபோது, காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அறுவை சிகிச்சை, ஊன்றுகோல், மறுபடி நடை, மறுபடி ஓட்டம் என்று ஒன்றரை வருடம் போனது. திரும்பி வந்தபோது ஆள் அவள்தான், கால் மட்டும் அவளுடையதாக இல்லை. அந்தப் பின்மூலைக்கு எப்போதும் அரை அடி தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் அறுபதுக்கும் நூறுக்கும் நடுவில் ஏறுவதும் இறங்குவதுமாகக் காலம் ஓடியது.

நூறு என்ற எண்ணுக்கு அவள் வாழ்க்கையில் ஒரு தனி மதிப்பு இருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். தரவரிசையில் நூறுக்குள் இருக்கும்வரை முழுநேரமும் ஆடலாம். மேசையும் நாற்காலியும் பேருக்கு இருக்கும். நூறைத் தாண்டினால் மறு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும். முப்பத்திரண்டு வயதில் ஒருத்தி அங்கே உட்கார்ந்துவிட்டால் மறுபடி எழுந்திருப்பதாவது!

அந்த வாரம் அவள் தொண்ணூற்றேழு. போன வருடம் எடுத்த பழைய புள்ளிகள் அந்த வாரத்தோடு கழிந்துபோகும். அந்த வாரம் வெளியூரில் நடக்கும் போட்டியில் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் நூறுக்குள் தங்கலாம். சங்கடம் என்னவென்றால், அவளுக்குப் போட்டியிலேயே இடம் கிடைக்கவில்லை. காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயராக இருந்தாள். தகுதிச் சுற்று தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்வரை யாராவது விலகினால் அந்த இடம் அவளுக்கு. அதற்காகவே பையைத் தூக்கிக்கொண்டு, ரயில் மாறி மாறி வந்திருந்தாள். எவளுக்காவது காய்ச்சல் வராதா என்று காத்திருக்கிற பிழைப்பு அது. வெளியே சொன்னால் வெட்கம், ஆனால் பட்டியலில் இருக்கிற எல்லாரும் அதைத்தான் நினைப்பார்கள்.

தங்கும் விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள் ‘பட்டாசு’. இருபது வயது, இரண்டு வருடமாக அவளோடு சேர்ந்து பயிற்சி செய்கிறவள். பந்தை அடித்தால் அரங்கமே திரும்பிப் பார்க்கும். அவளுக்குத் தகுதிச் சுற்றில் இடம் இருந்தது. எதிராளி யார் என்று பார்த்ததும் இழுவைக்கு வயிறு எரிந்தது. நாலு முறை ஆடி நாலு முறையும் இழுவை ஜெயித்த ஆள்.

காலையில் குளியலறையிலிருந்து பட்டாசு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“கால்ல என்னடி?” என்றாள் இழுவை.

“நேத்து சாயங்காலம் பயிற்சியில லேசா மடங்கிடுச்சுக்கா. ஒண்ணுமில்ல. நீங்க டேப் சுத்தி விட்டீங்கன்னா போதும்.”

சுளுக்கிய கால் அசையாமல் டேப் சுற்றுவதில் இழுவையை மிஞ்ச ஆள் கிடையாது. பட்டுத்தான் கற்றுக்கொண்டாள். கட்டிலில் உட்கார்ந்து பட்டாசின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கணுக்கால் எலும்புக்குக் கீழே கட்டைவிரலால் லேசாக அழுத்தினாள். பட்டாசு பல்லைக் கடித்தாள். “எந்திரிச்சு அந்த ஒத்தக் கால்ல நில்லு. குதிகாலைத் தூக்கு” என்றாள் இழுவை. பட்டாசு நின்றாள், குதிகாலைத் தூக்க முடியவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய தன் காலைத்தான் இழுவை பார்த்துக்கொண்டிருந்தாள். அதே இடம், அதே வீக்கம்.

“டாக்டர்கிட்ட காட்டினியா?”

“காட்டினா ஆட விடமாட்டாருக்கா. நம்ம கோச்சுக்கு ஃபோன் பண்ணேன். கட்டிக்கிட்டு இறங்குன்னுட்டார்.”

“அவருக்கு என்ன, கால் உன்னுது. இன்னிக்கு ஆடாதே.”

பட்டாசு மெல்லக் காலை இழுத்துக்கொண்டாள். அப்புறம், “நான் விலகினா யாரு உள்ள வருவாங்கக்கா?” என்று கேட்டாள்.

இழுவைக்குச் சுரீரென்றது. கோபம்கூட வந்தது. ஆனால் பெண் கேட்டதில் தப்பென்ன? தன்னிடம் எவளாவது இப்படி வந்து சொல்லியிருந்தால் தானும் அதையேதான் கேட்டிருப்பாள். அதைவிட மோசம், தான் சொன்னதில் எவ்வளவு அந்தக் காலுக்காக, எவ்வளவு தனக்காக என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. இடம் கிடைத்துவிடும் என்று நெஞ்சு ஒரு குதி குதித்ததை அவள் மறைக்கப் பார்த்தாலும் அவளுக்குத் தெரியாதா?

“டேப் நான் வந்து சுத்தறேன். அதுவரைக்கும் நடக்காம உக்காந்திரு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அரங்கம் எதிர்ச்சாரியிலேயே இருந்தது. சாலையைக் கடக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அவளுக்கு அன்று அரை மணி ஆயிற்று. வாசலில் நின்றாள். உள்ளே போய்க் காலி இருக்கைகளில் உட்கார்ந்தாள். டேப்பைச் சுற்றிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி இல்லை, ஆனால் அந்தக் கால் போய்விடும். மறுபடி மறுபடி சொன்னால், இடத்துக்கு அலைகிறாள் என்று அந்தப் பெண் இன்னும் பிடிவாதமாக இறங்குவாள். எப்படிப் போனாலும் இடிக்கிறது. கடைசியில் எழுந்து, போட்டி அலுவலக அறைக்குப் போனாள்.

மேசையில் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

“காத்திருப்புப் பட்டியல்லேருந்து என் பேரை எடுத்துடுங்க” என்றாள் இழுவை.

அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “விலகறதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் டைம் இருக்கும்மா. யாராவது விலகினா அடுத்தது நீங்கதான்.”

“அதனாலதான் எடுக்கச் சொல்றேன்.”

அம்மாளுக்குப் புரியவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். எடுத்த பெயரை மறுபடி சேர்க்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

அறைக்குத் திரும்பியபோது பட்டாசு சீருடையில் இருந்தாள். இழுவை கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“என் பேரை எடுத்துட்டேன். சந்தேகம்னா போட்டி ஆபீஸ்ல போய்க் கேட்டுக்கோ. இனிமே நீ விலகினாலும் நான் உள்ள வரமுடியாது. இப்ப சொல்றேன், கேளு. இந்தக் காலோட இறங்காதே.”

பட்டாசு அவள் முகத்தையே பார்த்தாள். உதடு துடித்தது. “ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க?” என்று கேட்டு அழ ஆரம்பித்தாள். இழுவை குனிந்து பட்டாசின் காலணி நாடாவை அவிழ்த்துவிட்டாள்.

பட்டாசு விலகினாள். காத்திருப்புப் பட்டியலில் இரண்டாவதாக இருந்த பெண், யாரோ பதினெட்டு வயதுக்காரி, கூவிக்கொண்டே உடைமாற்றும் அறைக்கு ஓடினாள்.

மதியம் இருவரும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தார்கள். பட்டாசின் கால் முன் இருக்கையின் மேல் ஐஸ் பையோடு இருந்தது. பதினெட்டு வயதுக்காரி தட்டுத்தடுமாறி ஆடினாள். அவளைக் காட்டிலும் அந்த எதிராளி தடுமாறினாள். முன்னே வந்தாள், பின்னே போனாள், சும்மா போட வேண்டிய பந்தை வெளியே அடித்தாள். இழுவையின் வலது கை மடியில் தானாக அசைந்துகொண்டிருந்தது. பொறாமை அவளுக்கு இல்லையென்று சொன்னால் பொய். மூன்றாவது செட்டில் பதினெட்டு வயதுக்காரி எப்படியோ ஜெயித்துவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

பட்டாசு மெதுவாகக் கேட்டாள், “அக்கா, நீங்க ஆடியிருந்தா?”

“ஜெயிச்சிருப்பேன்” என்றாள் இழுவை. “காலை அசைக்காதே, ஐஸ் நழுவுது.”