எங்கள் வீட்டில் ஒரு செமஸ்டர்

அவள் வந்து இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து ஒரு பெட்டியையும் ஒரு டைப்ரைட்டரையும் இறக்கி வைத்துவிட்டு, நனைந்த தலையோடு என் அப்பாவைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"வணக்கம் ஐயா. தாங்கள் நலமாக இருக்கின்றீர்களா? தங்கள் இல்லத்தில் தங்கும் பொருட்டு வந்துள்ளேன்."

அப்பாவுக்குக் காஞ்சிபுரத்தில் அரிசி மண்டி. நாள் முழுக்க வண்டிக்காரர்களோடும் மூட்டை தூக்குகிறவர்களோடும் சத்தம் போட்டுப் பேசிப் பழகியவர். இப்படிப்பட்ட தமிழை அவர் தெருக்கூத்தில் ராஜா வேஷக்காரர் வாயிலிருந்துதான் கேட்டிருப்பார். "நலம்... நலமே... தாங்கள்..." என்று ஆரம்பித்து, அதற்கு மேல் ஓடாமல், வீட்டுக்குள் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார். "இந்தா, அந்தப் பொண்ணு வந்துடுச்சுபா! துண்டு எடுத்துக்கினு வா!"

எழுபதுகளின் தொடக்கம் அது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவள் தமிழ் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் புத்தகத் தமிழ். ஒரு செமஸ்டர் இங்கே ஒரு குடும்பத்தோடு தங்கிப் பேச்சுத் தமிழ் பழக வேண்டும். முடிவில் சென்னையில் இரண்டு பேராசிரியர்கள் முன்னால் தமிழிலேயே ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். நெசவு வீடுகளில் புழங்கும் சொற்களைப் பற்றி எழுத ஆசைப்பட்டாள். அந்தப் பேராசிரியர்களில் ஒருவர் அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவர் கேட்டுக்கொண்டதால் அப்பா ஒத்துக்கொண்டார். செமஸ்டர் என்றால் என்ன என்று மட்டும் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "அர வருசம்னு சொல்லிட்டுப் போயேன்" என்பார்.

எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, இருபது. நான் பி.யு.சி. முடித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருந்தேன். வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜாதகம் எடுத்துக்கொண்டு யாராவது வரும் நாளில் மட்டும் எனக்கு வேலை இருக்கும்.

நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்த பிறகு ஒரு வாய் சாப்பிட மாட்டோம். மண்ணுக்கு அடியில் விளைகிற எதுவும் வீட்டுக்குள் வராது. இதையெல்லாம் அவளுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டுமென்று அம்மா பேச்சைத் தொடங்கினாள்.

"உங்கப்பா என்ன பண்றாரும்மா?"

"உழவர், அம்மா."

அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "நெல்லா, கம்பா?"

"உருளைக்கிழங்கு. கண்ணுக்கெட்டிய தூரம் வரை உருளைக்கிழங்கு."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஐயோ பாவம்," என்றாள் நிஜமான வருத்தத்தோடு. "அந்த மண்ணுல வேற எதுவுமே விளையாதா?"

அவள் எங்கே போனாலும் நான் கூடப் போக வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப முடியுமா? அப்படித்தான் நான் என் ஊரையே பார்த்தேன். பிறந்து வளர்ந்த ஊர் என்று பெயர். பள்ளிக்கூடம், திருப்பருத்திக்குன்றத்துக் கோயில், மாமா வீடு, இந்த மூன்றுக்கும் போகிற வழியைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. இப்போது தினமும் காலையில் குடையும் நோட்டுமாகச் சின்ன காஞ்சிபுரம் வரை நடந்தோம். தெருவின் நீளத்துக்கும் பட்டு நூலை இழுத்துக் கட்டி ஆணும் பெண்ணும் வேலை செய்துகொண்டிருப்பார்கள். அவர்களில், வீட்டில் தெலுங்கு பேசுகிற ஓர் அக்கா இருந்தாள். கை வேகமும் வாய் வேகமும் அவளுக்கு ஒன்று.

"இதன் பெயர் யாது?" என்று என் தோழி அவளிடம் நூலைக் காட்டிக் கேட்டாள்.

அக்கா சுற்றியிருந்த பெண்களைப் பார்த்தாள். "யாதுவாம்டீ!" தெருவே சிரித்தது. "இத பாரும்மா, நீளத்துக்கு ஓடறது பாவு, குறுக்க ஓடறது ஊடை. எழுதிக்கினியா? அடுத்த வார்த்த வேணும்னா எங்க மாதிரி பேசிக் கேளு. யாது கீதுன்னா வாயத் தெறக்க மாட்டேன்."

அவள் அதை ஒரு பாடத்திட்டம் போலவே எடுத்துக்கொண்டாள். போகும் வழியெல்லாம் என்னிடம் சொல்லிப் பார்த்துத் திருத்திக்கொள்வாள். ஒரே மாதத்தில் அக்காவோடு அவள் வம்பளக்க ஆரம்பித்துவிட்டாள். ஆனால் எங்கள் வீட்டு வாசற்படி ஏறியதும் பழையபடி "தாங்கள்", "உள்ளேன்" என்று ஆகிவிடும். பெரியவர்களிடம் அப்படிப் பேசுவதுதான் மரியாதை என்று நினைத்திருந்தாள். நானும் அதைச் சொல்லித் திருத்தவில்லை. அந்த ரகசியம் எங்கள் இருவருக்கும் பிடித்திருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் திருமுக்கூடலுக்குப் போனோம். மூன்று ஆறும் கூடுகிற இடத்தைப் பார்க்க வேண்டும், கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டைத் தடவிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கல்வெட்டில் ஒவ்வோர் எழுத்தாக விரலால் தொட்டு, தெரிந்த எழுத்து வந்தபோதெல்லாம் குதித்தாள். நேரம் போனது தெரியவில்லை. வாலாஜாபாத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. வந்த பஸ்ஸும் பாதி வழியில் நின்றுபோய், வேறு பஸ் பிடித்து வீடு சேர்ந்தபோது தெருவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அப்பா வாசலில் நின்றிருந்தார். அவளை எதுவும் சொல்லவில்லை, எல்லாம் எனக்குத்தான். "பொழுது போறது கண்ணுக்குத் தெரியலயா? ரெண்டு பொட்டப் பொண்ணுங்கள எங்கன்னு போய்த் தேடறது? இனிமே நீ படி தாண்டிப் பாரு!"

நாங்கள் உள்ளே போனோம். சமையலறையில் அம்மா மணை மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூன்று தட்டுகள், கழுவித் துடைத்தபடி, காலியாக.

"நீ உக்காரும்மா, போடறேன்," என்றாள் அவளிடம். "கட்டுப்பாடெல்லாம் எங்களுக்குத்தான். உனக்கு என்ன?"

"தாங்கள் உண்டீர்களா அம்மா?"

அம்மா சோற்றுப் பானையை இழுத்தாள். நான்தான் சொன்னேன், அம்மா நமக்காகக் காத்திருந்து சாப்பிடவில்லை, இனி விடிந்தால்தான் என்று.

அவள் முகம் சிவந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அம்மாவின் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்து, அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்:

"இன்னாம்மா நீ! எனக்கோசரம் துன்னாமயா குந்திக்கினு கீற?"

வாசலில் அப்பாவின் திட்டு பாதியில் நின்றது.

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்பா உள்ளே வந்தார். "யாரு இதுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று என்னைப் பார்த்துக் கேட்க முயன்றார், கேட்கும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்று அவளும் சாப்பிடவில்லை. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மூன்று பேரும் வெறும் வயிற்றோடு படுத்தோம். காலையில் வெயில் ஏறியதும் அம்மா இட்லி வார்த்தாள். அவள் ஒன்பது தின்றாள். அதற்குப் பிறகு அம்மாவிடம் "தாங்கள்" வரவே இல்லை. தினமும் மூன்றரை மணி ஆனால், அக்கா எந்த வார்த்தையில் இருந்தாலும் சரி, நோட்டை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிடுவாள்.

அப்பாவுக்குத்தான் கவலை. "நல்ல தமிழோட அனுப்பின பொண்ண நம்ம வீட்ல வெச்சு இப்டிப் பண்ணிட்டோம்னு என் சிநேகிதன் என்னைக் கேப்பாம்மா." மண்டியிலிருந்து பேப்பரைக் கொண்டுவந்து, தலையங்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி அவளைச் சரிசெய்யப் பார்த்தார். பாதியில் அவர் தூங்கிவிடுவார்.

டிசம்பரில் அவளுடைய பரீட்சைக்கு அப்பாவும் நானும் சென்னைக்குக் கூடப் போனோம். கட்டுரையைத் தடுமாறாமல் வாசித்தாள். பிறகு கேள்விகள். பதற்றத்தில் புத்தகத் தமிழ் அவளைக் கைவிட்டது. "அந்தக்கா நூல எண்ணிக்கினு இருந்துச்சு சார். நான் குறுக்க பேசினேன்னு தொரத்திடுச்சு" என்றாள். அப்பாவின் நண்பர் சிரித்தார். இன்னொரு பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. "இதைக் கற்கவா கடல் கடந்து வந்தாய்?" என்றார்.

அப்பாவின் நண்பர் இடையில் புகுந்து, "சரி, 'வந்துக்கினு' என்பதற்கும் 'வந்துட்டு' என்பதற்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்டார். அவளுக்குப் பேசத் தெரியுமே தவிர விளக்கத் தெரியவில்லை. திரும்பி என்னைக் காட்டினாள். "இவங்களக் கேளுங்க சார். இவங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றேன். "வந்துக்கினு இருக்கான்னா இன்னும் வழியிலதான் இருக்கான் சார். வந்துட்டுப் போனான்னா, வந்த வேலை முடிஞ்சுபோச்சு."

"சரியாச் சொன்னே. நீ என்னம்மா படிக்கிறே?"

நான் அப்பாவைப் பார்த்தேன். "வீட்லதாம்பா இருக்குது," என்றார் அவர்.

"ஏன்?"

அப்பா தோள் துண்டை எடுத்து மடித்து மறுபடி போட்டுக்கொண்டார்.

அவள் தேறிவிட்டாள், ஆனால் கோபக்காரப் பேராசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். வராந்தாவில் நின்று அழுதாள். அப்பா மூன்று காப்பி வாங்கிவந்து அவள் கையில் ஒன்றைத் திணித்தார். "அவரு கெடக்கறாரு வுடும்மா. உன்ன மாதிரிப் பேச அவருக்கு வருமா?"

திரும்பும் பஸ்ஸில் நான் அப்பாவிடம் கேட்டேன், காலேஜில் சேரட்டுமா என்று. "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு, கூடாது என்றுதான் அர்த்தம். ஆனால் இரண்டு நாள் கழித்து அம்மாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "அவன் ஏன்னு கேட்டான். எனக்கு ஒண்ணும் சொல்ல வரலபா."

அவள் கிளம்பிய அன்று, இருட்டிய பிறகுதான் விமானம். அம்மா மூன்று மணிக்கே வயிறு நிறையப் போட்டு, எள்ளுருண்டையும் கட்டிக் கொடுத்தாள்.

"ஏரோப்ளேன்ல ராத்திரி எதனா குடுத்தா துன்ன மாட்டேம்மா," என்று அவள் சத்தியம் செய்யப் போனாள்.

அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அப்பிடியெல்லாம் பட்டினி கெடக்காதே. உங்க ஊர்ல அப்போ பகல்தானே? அந்தக் கணக்குல சாப்பிடு."

அடுத்த ஜூனில் நான் பி.ஏ. தமிழில் சேர்ந்தேன். அந்தச் செய்தியை முதலில் அவளுக்குத்தான் எழுதினேன். பதில் வர ஒரு மாதத்துக்கு மேலானது. எனக்கு என்னென்ன பாடம், யார் எடுக்கிறார்கள், எந்தப் பக்கம் வரை நடந்திருக்கிறது என்று ஒன்று விடாமல் கேட்டு, எல்லாவற்றையும் சீக்கிரம் எழுது, காத்துக்கினு இருக்கேன் என்று முடித்திருந்தாள். அன்று மத்தியானமே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.