ரோஸ் ஆகிப்போன மேசைவிரிப்புகள்

அந்தப் பெரிய ஓட்டலில் சலவைப் பிரிவு தரைத்தளத்துக்கும் கீழே, கார்கள் நிறுத்தும் இடத்தை ஒட்டி இருந்தது. மேலே அறையெடுத்துத் தங்குகிறவர்கள் யாரும் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. அவர்கள் படுத்தெழுந்த விரிப்புகள் மட்டும் ஒரு தகரக் குழாய் வழியாகத் தொப்புத் தொப்பென்று வந்து விழும். அவற்றை உதறி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது காப்பி", "இது லிப்ஸ்டிக்", "இது தலைக்குப் பூசுற சாயம்" என்று தீர்ப்புச் சொல்கிறவர்தான் நம் ஆள். பதவி, மேற்பார்வையாளர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் ஓட்டலில் எல்லாருக்கும் அவர் கறை சார்.

தான் ஒரு நாள் வராவிட்டால் அந்த ஓட்டல் நாறிப்போகும் என்பது கறை சாரின் அசைக்க முடியாத நம்பிக்கை. வாய்விட்டு அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டார். "நான் இல்லன்னா என்ன, எல்லாம் நடக்கத்தான் செய்யும்" என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, எதிரே இருப்பவர் மறுத்துப் பேசுவதற்காகக் காத்திருப்பார். எதிரே இருப்பவர் பெரும்பாலும் அவர் மனைவி. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்காருகிற அந்த அம்மாள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "இதோ ஆயிடுச்சு, அடுத்து நீங்கதான்" என்று சொல்லிச் சொல்லிப் பழகியவர். கணவரிடமும் அதே குரலில், "நீங்க இல்லாம எப்படிங்க?" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விடுவார்.

சனி ஞாயிறில்தான் ஓட்டலில் கூட்டம் அலைமோதும். எனவே கறை சாரின் குடும்பத்துக்குச் சனி ஞாயிறு என்று ஒன்று கிடையாது. அவர்களுடைய ஒரே மகள் பள்ளியில், 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொன்னபோதெல்லாம் பனிமலைக்கும் பாலைவனத்துக்கும் போய்வந்ததாக எழுதித் தள்ளினாள். மதிப்பெண்ணையும் அள்ளினாள். இப்போது கல்லூரிக்கு வந்துவிட்டாள். அங்கே அப்படிக் கட்டுரை கேட்பதில்லை என்பதால் அவளும் சுற்றுலாவை மறந்துபோயிருந்தாள்.

அந்த நேரத்தில் ஓட்டலுக்குப் புது மேலாளர் வந்தார். ஊழியர்களின் மனநலம் பற்றி ஏதோ பயிற்சியில் உட்கார்ந்துவிட்டு நேராக வந்தவர். வந்ததும் கறை சாரைக் கூப்பிட்டு, "இந்தச் சனி ஞாயிறு நீங்க வரக்கூடாது. எங்கேயாவது குடும்பத்தோட போங்க. மூச்சு விடுங்க" என்றார்.

"மூச்சு இங்கேயே விட்டுட்டுத்தான் சார் இருக்கேன்" என்றார் கறை சார். எடுபடவில்லை.

பெரிய இஸ்திரி உருளையைப் பார்த்துக்கொள்ளும் இஸ்திரிக்காரம்மாவிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அந்த அம்மாள் அதே பிரிவில் பல வருடமாக வேலை பார்ப்பவர். இருந்தாலும் சோப்பு எங்கே இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொடுத்தார். "எது நடந்தாலும் உடனே போன் பண்ணுங்கம்மா. ராத்திரி பகல்னு பார்க்காதீங்க." "சரி சார்" என்றார் அவர், உருளையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குடும்பம் ஏரிக்கரை விடுதி ஒன்றுக்குப் பேருந்தில் புறப்பட்டது. கறை சார் வழி நெடுக போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அது ஒலிக்கவில்லை. விடுதியில் மாடியறை கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் ஏரி முழுவதும் தெரிந்தது. மகள் "அம்மா, இங்க வாயேன்!" என்று கூவினாள். கறை சார் கட்டிலருகே நின்று தலையணை உறையை முகர்ந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, வந்து ஏரியைப் பாருங்க."

எட்டிப் பார்த்தார். "கலங்கலா இருக்கு. இந்தத் தண்ணியில துவைச்சா வெள்ளை நிக்காது" என்று சொல்லிவிட்டு, துண்டை மடித்திருந்த லட்சணத்தைப் பற்றிப் பேச விடுதிக்காரரைத் தேடிக் கீழே போனார். விடுதிக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். துண்டு துடைக்கிறதா இல்லையா என்பதைத் தவிர அதில் வேறு விஷயம் இருக்கும் என்று அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

மத்தியானம் கடந்தது. போன் ஊமையாக இருந்தது. கறை சார் மகளிடம், "ஒரு தடவை எனக்கு அடிம்மா, வேலை செய்யுதான்னு பார்க்கலாம்" என்றார். பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தபடியே அவள் அடித்தாள். போன் ஒலித்ததுதான் தாமதம், பாய்ந்து எடுத்து, "ஹலோ, சலவைப் பிரிவு!" என்றார்.

"அப்பா, நான்தான்."

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. தானே ஓட்டலுக்குப் போன் செய்தார். "எல்லாம் நல்லா போகுது சார்" என்றார் இஸ்திரிக்காரம்மா. நல்ல செய்தி சொல்கிற உற்சாகத்தில் அவர் அதோடு நிறுத்தவில்லை. "இன்னைக்குச் சீக்கிரமாவே முடிச்சிட்டோம் சார். எல்லாரும் உட்கார்ந்து டீ குடிச்சிட்டு இருக்கோம்."

கறை சார் இடிந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றார். மறுநாள் காலையில் ஆம்லெட்டைத் தட்டோடு தள்ளி வைத்தார். படகுக்குக் கூப்பிட்டால், "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் யாருக்கு வேணும்?" என்றார். "யாருமே இல்லாதவங்க மாதிரி ஏன்ப்பா பேசறீங்க?" என்று மகள் கேட்டதற்குச் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

மனைவி விடுதிக்குப் பின்பக்கம் போய் இஸ்திரிக்காரம்மாவை அழைத்தார்.

"ஏம்மா, எனக்கு ஒரு உதவி பண்ணுவியா? அவருக்குப் போன் போட்டு ஏதாவது ஒரு பிரச்சனைன்னு சொல்லு."

"இங்க ஒரு பிரச்சனையும் இல்லையேக்கா."

"அதாம்மா இங்க பிரச்சனை. மனுஷன் ரெண்டு வேளையாச் சாப்பிடல."

அந்தப் பக்கம் இஸ்திரிக்காரம்மா உருளையை நிறுத்தினார். "சிவப்புக் கைக்குட்டை ஒண்ணு கலந்து, விருந்து மண்டபத்து மேசைவிரிப்பெல்லாம் ரோஸ் ஆயிடுச்சுன்னு சொல்லட்டுமாக்கா?"

"ஐயோ, நீ மகராசியா இருக்கணும்."

அடுத்த சில நிமிடங்களில் கறை சாரின் போன் ஒலித்தது. மாடியிலிருந்து பேசிக்கொண்டே இறங்கியவர், ஏரிக்கரைக்கு வந்து சேர்வதற்குள் வேறு ஆளாகியிருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. குரல் அக்கரை வரை கேட்டது. "என்னது? எல்லாமேவா? யாரு போட்டது? சரி, பதறாதீங்க, நான் இருக்கேன்ல! முதல்ல காய விடாதீங்க. காய்ஞ்சா சாயம் பிடிச்சுக்கும். கொதிக்கிற தண்ணி படவே கூடாது. நீல டப்பாவுல பவுடர் இருக்கு பாருங்க, அதைக் கரைச்சு ஊற வையுங்க!" சுண்டல் பொட்டலத்தோடு நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். யாரோ அறுவை சிகிச்சை நிபுணர் என்று நினைத்திருக்கக்கூடும். நீல டப்பா என்றதும்தான் கலைந்து போனார்கள்.

போனை வைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "பையை எடு. கிளம்பலாம்."

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க?"

"எங்கயா? ஓட்டலுக்கு! மானம் போற விஷயம்டி. இதை விட்டுட்டு நான் இங்க படகு ஓட்டிட்டு இருப்பேனா?"

மகளின் முகம் விழுந்துவிட்டது. மனைவி, "முகம் கழுவிட்டு வந்துடறேன்" என்று மாடியறைக்கு ஓடி, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்த இரைச்சலில் மறுபடியும் இஸ்திரிக்காரம்மாவைப் பிடித்தார். பை கட்டி முடிக்கும் நேரத்தில் இஸ்திரிக்காரம்மா கூப்பிட்டு, "சார், நீங்க சொன்னபடியே செஞ்சோம். வெள்ளை வெளேர்னு ஆயிடுச்சு சார்!" என்றபோது கறை சாருக்கு வாயெல்லாம் பல்.

அதன் பிறகு நடந்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூவருக்கும் மிக நல்ல நாளாக அமைந்தது. கறை சார் ஆம்லெட்டை ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டார். படகுக்காரரை ஓரமாக உட்காரவைத்துத் துடுப்பைத் தானே வாங்கிக்கொண்டார். படகு ஒரே இடத்தில் வட்டமடித்தது. மூவரும் நனைந்தார்கள். மகள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துக்கொண்டாள். கலங்கல் தண்ணீர் சட்டையெல்லாம் தெறித்திருந்தும் அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மேலாளர், "எப்படி இருந்தது லீவு?" என்று கேட்டதுதான் வினையாயிற்று. "லீவா? எங்க சார் விட்டாங்க!" என்று ஆரம்பித்தார் கறை சார். சொல்லச் சொல்ல விரிப்புகளின் ரோஸ் நிறம் ஏறிக்கொண்டே போய், கடைசியில் ரத்தச் சிவப்பில் வந்து நின்றது. மேலாளர் அசந்துபோனார். மத்தியானத்துக்குள் அறிவிப்புப் பலகையில் கறை சாருக்கு ஒரு பாராட்டு தொங்கியது. இஸ்திரிக்காரம்மாவுக்கு ஒரு மெமோ போயிற்று: சிவப்புக் கைக்குட்டையை வெள்ளைத் துணியோடு கலந்த கவனக்குறைவுக்கு விளக்கம் தேவை.

பல் மருத்துவமனையில் போன் அடித்தது.

"அக்கா, விளக்கம் கேட்டிருக்காங்க. போடாத கைக்குட்டைக்கு நான் என்னன்னு விளக்கம் எழுதறது?"

எதிரே கன்னம் வீங்கிய ஒருவர், அடுத்து நாம்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கறை சாரின் மனைவிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக, இதோ ஆயிடுச்சு என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று மாலை கணவர் சட்டையைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

கறை சாருக்கு விளங்க நேரம் பிடித்தது. "அப்போ அந்த விரிப்பு?"

"வெள்ளையாவேதான் இருந்துச்சு."

"நான் சொன்ன வைத்தியம்?"

"யாருக்கும் தேவைப்படலைங்க."

மகள் அவசரமாக, "ஆனா நீங்க சொன்னது கரெக்டா இருந்துச்சுப்பா. நிஜமாவே ஆகியிருந்தா நல்லா வேலை செஞ்சிருக்கும்" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாள். அவருக்கு மனசு ஆறவில்லை.

எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே துணி கும்மும் சத்தம் வெகுநேரம் கேட்டது. வெளியே வந்தவர் ஈரக் கையோடு நின்று, மனைவியைப் பார்க்காமல் கேட்டார். "நான் சாப்பிடலைன்னுதானே பண்ணே?"

"வேற எதுக்கு?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். தட்டு வைத்ததும் வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலை கறை சார் மேலாளர் முன் போய் நின்றார். நடந்ததை நடந்தபடி சொல்வதற்குத்தான் போனார். வழியில் அறிவிப்புப் பலகையில் இருந்த பாராட்டை ஒரு தடவை படித்துவிட்டுப் போனதுதான் தப்பாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், தன்னை யாரும் தேடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் நாக்கு மடங்கிக்கொண்டது.

"சார், அந்தக் கைக்குட்டை... நான்தான் போட்டேன். லீவுக்குப் போற அவசரத்துல மெஷினுக்குள்ள அடியில கிடந்ததைக் கவனிக்கல. அந்த அம்மா மேல தப்பே இல்ல."

மேலாளர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். பயிற்சியில் இப்படித்தான் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். "உங்களுக்கு ஓய்வு பத்தல. இனிமே ஒண்ணுவிட்டு ஒரு வாரம் சனி ஞாயிறு லீவு எடுத்துக்குங்க. இது உத்தரவு." மெமோ ரத்தாயிற்று. பாராட்டையும் பலகையிலிருந்து கழற்றிவிட்டார்கள்.

செய்தி கேட்டு இஸ்திரிக்காரம்மா உருளையை நிறுத்திவிட்டு வந்தார். "சார், நீங்க ஏன் சார் பழியை ஏத்துக்கிட்டீங்க? நீங்களும் போடலையே?"

"என்னம்மா பண்றது? நடக்காத தப்புக்கும் யாராவது ஒருத்தர் பொறுப்பேத்துக்கணும்ல" என்றார் கறை சார். கொஞ்சம் தயங்கினார். "அன்னைக்குச் சீக்கிரம் முடிச்சோம்னு சொன்னீங்களே, அதாவது நிஜமா?"

"நிஜம்தான் சார்."

"எப்படி?"

அந்த அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க சார். நீங்க ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்துல பிடிச்சு, இது என்ன கறைன்னு சொல்லி முடிக்கிற வரைக்கும் நாங்க நின்னுட்டிருப்போம். அன்னைக்கு நேரா மெஷின்ல போட்டுட்டோம்."

கறை சார் தலையாட்டினார். கையில் இருந்த தலையணை உறையை ஒரு நொடி பார்த்துவிட்டு, முகராமல் மெஷினுக்குள் போட்டார்.

ஓய்வு உத்தரவை வீட்டில் சொன்னபோது மனைவி கையிலிருந்த கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒண்ணுவிட்டு ஒரு வாரம் இந்த மனிதரை எங்கே கூட்டிப்போவது, என்ன சொல்லிச் சமாளிப்பது என்று அவருக்குத் தலை சுற்றியது. மகள்தான், "எங்கேயும் போக வேணாம்மா. வீட்லயே இருக்கலாம், தூங்கலாம்" என்றாள்.

"தூங்கறதா? பகல்லயா?" என்றார் கறை சார், ஏதோ திருடச் சொன்னதுபோல.

அடுத்த சனிக்கிழமை குளித்து, சட்டை மாட்டி, போக இடமில்லாமல் கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செய்தித்தாளை விரித்துக்கொண்டு தரையில் சாய்ந்தார். மனைவி டீயோடு வந்து பார்த்தபோது செய்தித்தாள் அவர் முகத்தின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப வாயெடுத்தவர், மனசு வராமல் அந்த டீயைத் தானே குடித்துவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.