அட்டையில் ஏறிய பெயர்

எனக்குக் கோபம் வந்தால் பஸ்ஸின் கடைசி இருக்கையில் தூங்குகிறவரும் எழும்பிவிடுவார் என்று என் கணவர் சொல்வார். சொல்லட்டும். ஸ்டுட்கார்ட் நகரத்தில் பஸ் ஓட்டுகிறவள் பூனைக்குட்டி மாதிரிப் பேசினால் யார் கதவை விட்டு விலகுவார்கள்? ஆனால் இந்தக் குரல் ஒருநாள் ஒரு கவிஞருக்குக் கைகொடுக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அவர் லத்வியா நாட்டுக்காரி, என் வயதுதான். நகரத்தின் ஓரத்தில் வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டுகளில் எங்களுடையதும் அவருடையதும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒவ்வொரு தோட்டத்து வாசல் படலையிலும் தோட்டக்காரரின் பெயர்ப்பலகை தொங்கவேண்டும் என்பது அங்கே சட்டம். எங்கள் பக்கம் மிளகாயும் பூசணியும், அவர் பக்கம் உருளைக்கிழங்கும் ஒரு சின்ன மரக்குடிலும். காலையில் பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்வார். மத்தியானத்துக்குப் பிறகு அந்தக் குடிலில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பார். சொந்தமாக லத்விய மொழியில் இரண்டு கவிதைப் புத்தகங்கள் அவருடைய ஊரில் வெளிவந்திருந்தன. அந்த மொழியில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

நாங்கள் பேசிக்கொண்டது ஜேர்மன் மொழியில்தான். எனக்கென்னவோ எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகவே நினைவிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

தன் நாட்டின் மூத்த பெண் கவிஞர் ஒருவரின் கவிதைகளை அவர் ஜேர்மன் மொழிக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். அதில் அவர் வைத்திருந்த பரீட்சை விசித்திரமானது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு வரியை முதலில் லத்விய மொழியில் சொல்வார், பிறகு ஜேர்மனில் சொல்வார். நான் மண்வெட்டியை நிறுத்தாமல் கொத்திக்கொண்டிருந்தால் அந்த வரி சரியில்லை.

"உம்மடை கை நிக்கேல்லை. திருப்பி எழுதிறன்" என்பார்.

"ஐயோ, நான் கொத்தாட்டிப் பூசணிக்கு ஆர் கொத்திறது? என்ரை கையைப் பார்த்தோ நீர் கவிதை எழுதிறீர்?"

"உம்மடை கை பொய் சொல்லாது."

விசர், பைத்தியம்தான். ஆனால் சில வரிகளுக்கு என் கை தானாகவே நின்றது. அப்போது அவர் குழந்தைப்பிள்ளை மாதிரித் துள்ளிக்கொண்டு குடிலுக்குள் ஓடுவார். இப்படியே வருடக்கணக்காகப் போனது.

ஒரு வைகாசி மாதம் புத்தகத்தின் முன்னட்டை தயாராகி வந்தது. கைபேசியில் காட்டினார். அந்த மூத்த கவிஞரின் பெயர் பெரிதாக, தலைப்பு அதைவிடப் பெரிதாக, கீழே பதிப்பகத்தின் பெயர்.

"உம்மடை பேர் எங்கை?"

"உள்ளுக்கு இருக்கும், சின்ன எழுத்திலை. இஞ்சை அதுதான் வழக்கம்."

வழக்கமாம்! எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "வழக்கமோ? அந்த ஜேர்மன் சொல்லெல்லாம் ஆர் எழுதினது? அந்தப் பதிப்பாளரோ? அவரைக் கேட்டனீரோ?"

"கேட்டனான். அட்டையிலை இடம் காணாதாம்." அதைச் சொல்லும்போது உருளைக்கிழங்குச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "அட்டையிலை என்ரை பேரை ஒருக்கா எண்டாலும் பார்க்கோணும் எண்டு ஆசைதான். சண்டை பிடிக்க எனக்கு ஏலாது. பாடத்தான் ஏலும்."

பாட்டு என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஆனி மாதத்தில், பகல் மிக நீண்டிருக்கும் நாளில், அவர்களுக்கு ஒரு திருநாள் வருகிறது. தலையில் ஓக் இலை மாலையும் பூமாலையும் வைத்து, சீஸும் பியரும் பரிமாறி, வந்தவர்களைப் பாட்டிலேயே நக்கலடிப்பார்கள்.

"ஆரும் கோவிக்கக்கூடாது. பதிலுக்குப் பாடோணும். பாட ஏலாட்டிக் கேட்டதைக் குடுத்துச் சமாதானமாகோணும்" என்றார். அந்தக் கடைசி விதி அவர் அந்த நிமிடத்தில் உண்டாக்கியதோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

"அப்ப பதிப்பாளரைக் கூப்பிடும்" என்றேன்.

பதிப்பாளர் வந்தார். நல்ல மனிதர்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, தலையில் வைத்த ஓக் மாலை காதுவரை இறங்கியிருந்தது. எங்கள் தோட்டத்துக் கவிஞரோடு பாட லத்வியப் பெண்கள் சிலரும் வந்திருந்தார்கள். வெயில் இன்னும் சாயவில்லை. கவிஞர் எழுந்து ஜேர்மனில் பாடத் தொடங்கினார். பதிப்பாளரின் காலில் இருந்த சப்பாத்தை நக்கலடித்தார், வயிற்றை நக்கலடித்தார், மின்னஞ்சலுக்கு மாதக்கணக்கில் ஆறுதலாகப் பதில் போடுவதை நக்கலடித்தார். அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். அட்டை விஷயம் மட்டும் வரவேயில்லை. அடுத்த பாட்டு அதுதான் என்று நான் காத்திருக்க, கவிஞர் என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்தார், உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கணவரைப் பார்த்து, "இஞ்சருங்கோ, அந்த வாளியைக் கவிட்டுத் தட்டுங்கோ" என்றேன். மனுசன் ஒரு கேள்வி கேட்கவில்லை. தட்டினார். பள்ளிக்கூடத்தில் கும்மி அடித்த மெட்டில் வாய்க்கு வந்ததைத் தமிழில் பாடினேன்.

"பாத்தி கொத்தினவள் பக்கத்தில் நிக்கிறாள்,
படலையில் ஆரின்ரை பேர் தொங்குது?
சொட்டுச் சொட்டாய்ச் சொல்லுச் சேர்த்தவள் பேர்மட்டும்
அட்டைக்கு உள்ளுக்கேன் தூங்குது?"

எல்லாரும் விளங்காமல் முழுசினார்கள். கவிஞர் என் கையைப் பிடித்து, "என்ன பாடினனீர்? கெதியாச் சொல்லும்" என்றார். அவர் காதுக்குள் எனக்கு வந்த ஜேர்மனில் சொன்னேன். கண்ணை மூடினார். விரல்கள் தொடையில் தாளம் போட்டன. பிறகு எழுந்து, அதே மெட்டில், அதே நாலு வரியை, முடிவில் ஓசை பொருந்த, ஜேர்மனில் பாடினார். இந்த முறை தலையைக் குனியவில்லை. அம்மாடி! நான் பாடியதைவிட அது காரமாக இருந்தது.

பதிப்பாளரின் பியர்க் கோப்பை வாய்க்குப் போகிற வழியில் அப்படியே நின்றது. நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன். கவிஞரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்.

"அருமை" என்றார் பதிப்பாளர் கடைசியில். "இது ஆரின்ரை பாட்டு?"

"பாட்டு இவவின்ரை. நீங்கள் விளங்கிக்கொண்டது என்ரை" என்றார் கவிஞர். "ரெண்டு பேரையும் சொல்லோணும்."

பதிப்பாளருக்குக் காது இரண்டும் சிவந்தன. பதில் பாட வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை, மூடிக்கொண்டார். பிறகு தன் தலையில் இருந்த ஓக் மாலையைக் கழற்றிக் கவிஞரின் தலையில், பூமாலைக்கு மேலேயே வைத்தார்.

"இடம் இருக்கு" என்றார். "அட்டையிலை இடம் இருக்கு."

நான் கத்திய கத்தலில் அடுத்த தோட்டக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒரு பியர் கொடுத்தோம்.

இலையுதிர்காலத்தில் ஒரு பின்னேரம், தரிப்பிடத்தில் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தேன். கவிஞர் மூச்சு வாங்க ஏறினார். பயண ரிக்கெற்றைக் காட்டவில்லை, புத்தகத்தைக் காட்டினார். தலைப்புக்குக் கீழே, கண்ணாடி போடாமலே நான் வாசிக்கக்கூடிய எழுத்தில், அவருடைய பெயர். அவர் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றார்.

"ஏன் பஸ் எடுக்கேல்லை?" என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார்.

அறிவிக்கும் ஒலிவாங்கியை எடுத்தேன். ஒரு புத்தகம் வந்திருக்கிறது, அதனால் இந்த பஸ் ஒரு நிமிடம் பிந்தும் என்று எல்லாருக்கும் சொன்னேன். கவிதை எழுதியவரின் பெயரைச் சொன்னேன். பிறகு மொழிபெயர்த்தவரின் பெயரை, கடைசி இருக்கையில் தூங்குகிறவரும் எழும்பும்படி உரக்கச் சொன்னேன்.