இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீற்றர்

நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் லண்டன் நோர்பரியில் இருக்கும் சிவரூபினி இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்கிறாள். போன ஜனவரியில், ஒரு வியாழக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது இது.

அவள் கணவன் கிரண் மீன் தொழிற்சாலைகளின் குளிரறைகளைத் திருத்துபவன். அன்று வட நோர்வேயில், பனிக்குள் கிடக்கும் ஒரு குட்டி விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு அவன் பறக்க வேண்டும். தூரம் 212 கிலோமீற்றர். நேரம் நாற்பத்தைந்து நிமிடம்.

பயணம் போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டக்கூடாது. கூட்டினால் போனவர் திரும்பமாட்டார் என்பது ஊர்ச் சனத்தின் நம்பிக்கை. சிவரூபினி இதை ஒருநாளும் மீறியதில்லை. விமானம் ஏறுமுன் அழைப்பு எடுத்தபோதும் கிரண் அதைச் சொல்லித்தான் சிரித்தான்.

"உம்மட தும்புத்தடியிலதான் பிளேன் பறக்குதோ, ரூபி?"

"பகிடி விடாமல் இறங்கினதும் எடுங்கோ. தனியவோ போறியள்?"

"இல்லை, பக்கத்துச் சீற்றில கஸ்பர் எண்டு ஒரு அண்ணை. எங்கட ஆள்தான். ஈஸ்ட் ஹாமில வீடாம்."

லண்டன் நேரம் 2.10க்கு விமானம் கிளம்பியது. 2.57க்குக் கைபேசி அடித்தது. கிரணின் இலக்கம்.

"இறங்கிட்டன்."

"அப்பாடா! குளிரே அங்கை?"

"வீட்டைக் கூட்டு, சிவரூபினி."

தொடர்பு அறுந்தது.

வந்த நிம்மதியில் கூட்டுவதற்குத் தும்புத்தடியை எடுத்துவிட்டாள். முன்னறைவரை போனவள் கூட்டாமல் நின்றாள். கிரண் அவளை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஒருமையில் ஏவியதும் இல்லை. அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தமும் கேட்கவில்லை... மூச்சுக்கூட.

விமானங்களைக் காட்டும் வரைபடத்தைக் கைபேசியில் திறந்தாள்.

அவன் விமானத்தின் மஞ்சள் புள்ளி இன்னும் கடலுக்கு மேலே. வட்டமடித்துக்கொண்டிருந்தது.

3.08. மறுபடி அதே இலக்கம்.

"கூட்டிட்டியோ?"

"ஆர்... ஆர் கதைக்கிறது?"

"கூட்டு."

கைபேசிக்குள் ஒரு சத்தம். சரக்... சரக்... யாரோ நிலம் கூட்டும் சத்தம்.

துண்டித்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

சரக்...

குசினிக்குள், அடுப்புப் பக்கம்.

தும்புத்தடியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

சரக்...

முன்னறைக் கதவுக்கு அந்தப் பக்கம்.

நின்றது.

3.41. கைபேசி அடித்தது. எடுத்தாள்.

"ரூபி..." கிரண் அழுதான். "சரியான பனிப்புயல். மூண்டாம் தரம்தான் இறக்கினவங்கள்."

"இதுக்கு முன்னம் ரெண்டு தரம் எனக்கு எடுத்தனீங்களே?"

"மேல சிக்னலே இல்லையப்பா." அவன் குரல் இறங்கியது. "கஸ்பர் அண்ணை எழும்பேல்லை ரூபி. நித்திரையெண்டு நினைச்சுத் தட்டினன்... உடம்பு குளிர்ந்து கிடந்தது."

அடுத்த கிழமை இருவரும் ஈஸ்ட் ஹாமுக்குத் துக்கம் விசாரிக்கப் போனார்கள். கஸ்பரின் மனைவி லலிதா சிவரூபினியின் கையைப் பிடித்தபடி விம்மினாள்.

"இறங்கிட்டன் எண்டு அவர் எனக்கு எடுத்தவர் பிள்ளை. மூண்டு மணிக்கு மூண்டு நிமிசம் இருக்கேக்க. அதை நம்பி... நான் வீட்டைக் கூட்டிட்டன்."